காய் என்ன விலை போச்சு? – ஒரு கேள்வியின் ஆராய்ச்சி

செடிக்கும் ஏலம், அதன் காயைக் கூவி விற்பதற்கும் ஏலம் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கும் மொழி தமிழ். விற்பனையைக் குறிப்பது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், செடியைக் குறிப்பது வேறு என்று சொல்லாய்வாளர்கள் பிரித்துவிட்டார்கள். இடுக்கி எல்லையில் அந்தப் பாகப்பிரிவினை செல்லாது. அங்கே இரண்டு ஏலமும் கூடித்தான் மனிதனின் ரத்த அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் டீ கிளாஸ் கைக்கு வருமுன்னே வந்துவிடும் “காய் என்ன விலை போச்சு?” என்ற கேள்விதான் இவ்வாய்வின் பொருள். நமது கருதுகோள் இது: விலைச்சரிவைத் தாங்கும் நெஞ்சுரம் பிறவிக் குணமும் அல்ல, தியானத்தில் கிடைப்பதும் அல்ல. கேள்வி பெருகப் பெருக அது தேயும்.

நிரூபணத்துக்குக் கூட்டல் கழித்தல் போதும். ஆதாயம் தரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வலியை நஷ்டம் தரும் என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் காட்டியிருக்கிறார்கள். (இருவரும் கம்பம்மெட்டில் டீ குடித்ததற்குச் சான்றில்லை.) கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறி, மறுநாள் அதே நூறு இறங்கினால் மடியில் மாற்றமில்லை, மனத்தில் மட்டும் நூறு ரூபாய் துண்டு விழுகிறது. அந்த இரண்டு நாளும் விசாரிக்காதவனுக்கு அந்தத் துண்டும் இல்லை. அடிக்கடி கணக்குப் பார்ப்பவனைப் பங்குச் சந்தை கூடுதலாக மிரட்டும் என்று 1995இல் பொருளியலாளர்கள் பெனார்ட்ஸியும் தேலரும் எழுதியது இதையேதான். செடியோ, ஆய்வாளர்களுக்கு முன்பே கால அட்டவணை போட்டுவிட்டது. நட்டால் காய்க்க மூன்றாம் வருஷம். ஒரு காய் எடுப்புக்கும் அடுத்ததற்கும் நாற்பது நாள் போல இடைவெளி. எடுத்த பச்சைக்காய் நாலைந்து கிலோ, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் சூட்டில் கிடந்து சுண்டினால் உலர்ந்த காய் ஒரு கிலோ. பிறகுதான் ஏலக்கூடத்தில் வியாபாரி ஒரு பிடி மாதிரியை உள்ளங்கையில் பரப்பி, பச்சை நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்றைப் பிளந்து முகர்ந்து, விலை கேட்கும் பொத்தானை அழுத்துகிறார். அதுவரை விலை என்பது அடுத்தவன் காயின் விலை. 2019 ஆகஸ்ட் 3 அன்று இடுக்கியின் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதைக் கேட்ட சூட்டில் நட்ட செடி காய்த்தது 2022இல். அப்போது சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே. அந்த விரக்தியில் செடியைப் பிடுங்கியிருந்தால், 2024 கோடை வறட்சிக்குப் பின் விலை மறுபடி ஏறியபோது ஸ்டோரில் போடக் காய் இருந்திருக்காது. ஒரே கேள்வி, கேட்ட இரண்டு முறையும் தப்பான வேலையைச் செய்ய வைக்கிறது.

விலை கேட்காதவனை வியாபாரி விழுங்கிவிடமாட்டானா என்பது நியாயமான ஆட்சேபம். விற்கப்போகிற அன்று பத்துப் பேரிடம் கேட்கட்டும், அது வியாபாரம். காய் செடியில் இருக்கையில் கேட்பது அரிப்பு. தோட்டக் கடனுக்கு வட்டி ஓடுகிறவன் கேட்காமல் எப்படி இருப்பான் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அவனைத் தூங்கவிடாதது விலை அல்ல, தவணைத் தேதி. கடனில் நட்டவனுக்கு இந்தச் சூத்திரம் பலிக்காது என்று ஒப்புக்கொள்வதே ஆய்வு நேர்மை.

மூன்றாவது ஆட்சேபம் பாலக்காட்டு எல்லையிலிருந்து வருகிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு கோபாலபுரத்துக்கும் வேலந்தாவளத்துக்கும் போய் கேரள டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் மூன்று மணிக் குலுக்கலை ஒரே ஒரு முறைதான் கேட்கிறார்கள். நஷ்டமும் டிக்கெட் விலையோடு சரி. நமது கருதுகோளின்படி அவர்களே தைரியசாலிகள். உண்மையிலும் அப்படித்தான்: முடிவைப் பார்த்து, டிக்கெட்டைக் கசக்கிப் போட்டு, அதே கையை நாளைய டிக்கெட்டுக்கு நீட்டுகிறார்கள். இவ்வளவு தாங்கும் சக்தி ஏலத்தோட்டக்காரனுக்குத் தேவையா என்பது தனி ஆய்வுக்குரியது.