பூஜ்யத்துக்கும் ஒரு பாரம்

அப்பா கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்பாவுக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லை, வரி வாரியத்துக்கும் இல்லை. ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை அப்பா தன் பெயரில், தன் முகத்தோடு, தன் கைப்பேசிக்கு வரும் எண்ணோடு வந்து ஒப்படைக்க வேண்டும்.

அந்த அப்பாவை உங்களுக்கும் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. அந்த வீடுகளில் ஒன்றுகூட அவருக்கு இல்லை. பிறகு லாரி ஓட்டினார். சேமநிதியைத் துடைத்து ஈப்போவில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். இப்போது பிள்ளையோடு இருக்கிறார். அந்த வீட்டை மாதம் 400 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆண்டுக்கு 4,800. தனிநபர் வரிக்கழிவு மட்டுமே 9,000. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

ஆனால் லாரிக் காலத்தில் திறந்த வரிக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. கோப்பு இருந்தால் பாரம் உண்டு. பாரம் போய்ச் சேராவிட்டால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 112வது பிரிவு காத்திருக்கிறது. 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பூஜ்யத்தை மறைத்த குற்றம்!

வரியே கட்டாதவரா அவர்? கள்ளுக்கடையில் கட்டினார். சிகரெட்டில் கட்டினார். 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி வந்தபோது பிஸ்கட் டின்னுக்கும் 6 விழுக்காடு கட்டினார். அப்போதெல்லாம் நீ யார், உன் முகத்தைக் காட்டு என்று எவரும் கேட்கவில்லை. வாங்கும் கைக்கு அடையாளம் தேவைப்படுவதில்லை.

அடையாளம் என்றதும் கட்டைவிரல் ஞாபகம் வருகிறது. ஏதாவது ஒரு கவுண்டருக்கு அவரைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். மைகாட்டைச் செருகி, சிவப்பு வெளிச்சம் எரியும் கண்ணாடியில் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். இயந்திரம் கீச்சென்று கத்தும். "லாகி சகாலி, பக்சிக்." மறுபடி கீச். விரலைச் சட்டையில் துடைப்பார். ஈரத் துணி வரும். மறுபடி கீச். ரேகை இருந்தால்தானே பதியும்? உளிக்கத்திப் பிடி பாதியைத் தேய்த்தது. பால் உறைய ஊற்றும் அமிலம் மீதியைத் தின்றது. இதே விரலைத்தான் அன்று சம்பள நாளில் கிராணி மையில் அமுக்கினார். கூலியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிற நாளில் கைநாட்டு ஒருமுறைகூடப் பதியாமல் போனதில்லை.

கவுண்டர் வேண்டாம், எல்லாம் இணையத்தில் செய்யலாம் என்கிறார்கள். செய்கிறோம். சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் அம்மா. மறதி நோய் வந்த அம்மாவின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து, "அம்மா, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று கெஞ்சுகிறோம். அவர் சிரிக்கிறார். யாரோ படம் பிடிக்கிறார்களாம். கடவுச்சொல் நாம் வைத்தது, மின்னஞ்சல் நம்முடையது, உறுதிமொழிக்குக் கீழே இருப்பது மட்டும் அவர் பெயர். பாரம் அனுப்பும் கெடு நெருங்கினால் பேராக்கில் பாதிப் பிள்ளைகள் அப்பா அம்மாவாக மாறிவிடுகிறார்கள். இந்த மாறுவேடம் அதிகாரிகளுக்குத் தெரியாதா? அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார்.

நேர்வழியில் போகலாம் என்கிறார் வக்கீல். அம்மா தெளிவாக இருந்தபோதே அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தாலும், நினைவு போன பிறகு அது வெறும் காகிதம். குடை மழை வரும்வரை மட்டுமே செல்லுமாம். சிங்கப்பூரில் நினைவு போன பிறகும் நிற்கிற பத்திரம் 2010 முதல் இருக்கிறது. இங்கே 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அப்பாவுக்கு மறதி வந்தால் அந்த 400 வெள்ளி வாடகைக்கும் உயர் நீதிமன்றம்! வரிச் சட்டத்துக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. சுயமாக இயங்க முடியாதவரின் சொத்தை யார் பார்த்துக்கொள்கிறாரோ அவர் தலையில் வரியை வை என்கிறது அது. பொறுப்பை இலவசமாகக் கொடுப்பார்கள். உரிமைக்குத்தான் வக்கீல் வைக்க வேண்டும்.

சலுகையே இல்லையா? இருக்கிறதே. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு, பராமரிப்பு உட்பட, 8,000 வெள்ளி வரை கழிவு. ஆனால் பராமரிப்பாளர் வரி கட்டுபவராகவோ, அவருடைய கணவன், மனைவி, பிள்ளையாகவோ இருக்கக்கூடாது. வேலையை விட்டுவிட்டு மாமனாருக்கு மருமகள் துடைத்துவிட்டால் அது பாசம். கூலிக்கு வந்தவர் துடைத்துவிட்டால் அது வரிச்சலுகை. பிறகு குடும்ப நெறியைப் பற்றி மேடை போட்டுப் பேசுவார்கள். பேச்சுக்குக் கட்டணமில்லை.

இனி பெரிய இடத்துக் கணக்கு. 2020 ஜூலையில், முன்னாள் பிரதமர் நஜிப் 1.69 பில்லியன் வெள்ளி வரி கட்ட வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். பில்லியன் என்றால் உடனே கட்டுவார்களா? மேல்முறையீடு, அதற்கு மேல் மேல்முறையீடு. எஸ்.ஆர்.சி. நிறுவன ஊழல் வழக்கில் அவருக்கு விழுந்த அபராதம் 210 மில்லியன். 2024 பிப்ரவரியில் மன்னிப்பு வாரியத்தின் அறிவிப்பு வந்தது. 50 மில்லியன் போதுமாம். 12 ஆண்டுச் சிறை பாதியானது. 160 மில்லியன் தள்ளுபடி! அதற்காக அவர் எந்தக் கண்ணாடியிலும் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கவில்லை. நம்மைப் போன்றவர் வரியை ஒரு நாள் பிந்திக் கட்டினால் கூடுதலாக 10 விழுக்காடு. அதற்கு வாரியமும் கூடாது, அறிவிப்பும் வராது. கணினியே போட்டுவிடும்.

ஒன்று மட்டும் சுலபம். அப்பா இறந்துவிட்டால் 74வது பிரிவு உடனே பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளும். சொத்தை நிர்வகிக்கிறவர் என்ற முறையில், கடைசி மூச்சுவரை அப்பாவுக்கு வந்த வருமானத்துக்கு அவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். அப்போது அப்பாவின் முகத்தை யாரும் கேட்பதில்லை.