புள்ளி ராஜா இருந்த சுவர்கள்

'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சாலையெங்கும் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரப் பலகைகள் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். யார் இந்த ராஜா, எந்த ஊர்க்காரன் என்று டீக்கடை பெஞ்சில் பெரியவர்களும் இளவட்டங்களும் ஒன்றாக உட்கார்ந்து வாதாடியதையும், பஸ்ஸில் ஒரு வாண்டு அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க, அதன் அம்மா அவசரமாக ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஆட்டுக்குட்டியைக் காட்டியதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சலூனில் மட்டும் எங்களுக்குக் கூச்சமே கிடையாது. எய்ட்ஸ் பயத்தில், "அண்ணே, புது பிளேடு" என்று அதிகாரமாகக் கேட்போம். அவரும் காகிதத்தோடு பிளேடை இரண்டாக ஒடித்து, "பாத்துக்குங்க தம்பி, புதுசு" என்று காட்டிவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார். நல்ல பழக்கம்தான், ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக்கும் அது தடை. ஆனால் எச்.ஐ.வி. பெரும்பாலும் பரவியது சலூன் நாற்காலியில் அல்ல, படுக்கையறையில். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்க நாக்கு எழவில்லை. 1968 முதல் நாட்டில் மலிவாகக் கிடைத்த நிரோத் ஆணுறையை வாங்க, மருந்துக்கடையில் கூட்டம் கலையும்வரை தலைவலி மாத்திரை பெயர்களைப் படித்துக்கொண்டு நிற்போம். கடைக்கார அண்ணன் நிமிர்ந்தே பார்க்காமல் பேப்பரில் மடித்துக் கொடுத்து, "வேற ஏதாவது?" என்பார். அந்த இங்கிதத்துக்கு இன்றும் நன்றி சொல்வேன். இப்போது அதே ஆணுறை பால் பாக்கெட்டோடு வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. அந்த அண்ணனுக்குத்தான் வேலையில்லை.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கையில் மருந்தே இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. அந்த டீக்கடை பெஞ்சில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கட்டுக்கதை என்றிருப்போம்.

மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. பலகைகள் போய்விட்டன, பெஞ்சில் ஆளுக்கொரு போன். பத்துப் பொருத்தமும் பார்க்கிற வீட்டில், "இரண்டு பேரும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் இன்னும் முகம் சுருங்குகிறது. உடலுறவில் பரவும் மற்ற நோய்களில், மேகநோய் (சிபிலிஸ்) பென்சிலினில் குணமாகும், வெட்டைக்கும் (கொனோரியா) மருந்து உண்டு. ஆனால் இவை பலருக்கு அறிகுறியே காட்டாமல் உள்ளே இருக்கும், பரிசோதித்தால்தான் தெரியும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். ஆணுறை கிழிந்துபோய்ப் பயந்தவர் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் போனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரை உண்டு. என் அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் போன வாரம் நானே உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான், பிறகு, "சித்தப்பா, 72 மணி நேரம் எப்போதிலிருந்து கணக்கு?" என்றான்.