நீட் அப்பா

காய்கறிக் கடையில் இஞ்சியைக் கையில் எடுத்து, கணுவைக் கட்டைவிரலால் தடவி, "இது வேர் இல்லப்பா, தண்டு" என்று கடைக்காரரிடம் ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் அசரமாட்டார். "எதுவா இருந்தா என்ன சார், கால் கிலோ போடவா?" என்பார். நம்மவர் விடமாட்டார். உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர். இரண்டும் மண்ணுக்குள்ளேயே கிடந்தாலும் குடும்பம் வேறு, குணம் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நாலு பேர் பையோடு நிற்பார்கள். அதில் ஒருவர் மட்டும் பொறுமையாக, "அப்ப கேரட்டு?" என்று கேட்பார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கிறது.

இவர்தான் நீட் அப்பா. தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு பெருகிய இனம். அதற்கு முன்னால் இருந்தவர் கட் ஆஃப் அப்பா. 2007 முதல் 2016 வரை ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் கிடைத்ததால் அவருக்கு வேலை குறைவு. பிள்ளையை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முறுக்கு டப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நீட் அப்பா அப்படி இருக்க முடியாதவர். அவர் பாடத்தையே படிக்கிறார்.

முதலில் மூன்று பாடத்தையும் படிப்பதாகத்தான் திட்டம். நம்மவர் அந்தக் காலத்து ஃபர்ஸ்ட் குரூப். ஆகையால் இயற்பியலை உரிமையோடு திறந்தார். சுழல் இயக்கம் வரை போனார். "எங்க காலத்து பிசிக்ஸ் வேற" என்று மூடிவிட்டார். கரிம வேதியியல் இரண்டாம் பக்கத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பியது. மிச்சம் உயிரியல். 180 கேள்வியில் 90 அதிலிருந்துதான், 720 மதிப்பெண்ணில் 360. "பாதிப் பரீட்சை நம்ம கையில" என்றார். உயிரியலிலும் விலங்கியலைச் சாப்பாட்டு மேசையில் விரிக்க வீட்டில் அனுமதி இல்லை. தாவரவியலை விரிக்கலாம். கோச்சிங் சென்டர்களில் மரபியலையும் பெரும்பாலும் தாவரவியல் சாரே எடுப்பதால் அதுவும் இவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பட்டாணிச் செடி வழியாக வந்த பாடமல்லவா.

விடிகாலை நாலரைக்கு அலாரம். மகளுக்கு ஹார்லிக்ஸ், இவருக்குக் காப்பி. "என்சிஇஆர்டி வரிக்கு வரி" என்பது கோச்சிங் உலகத்தின் மந்திரம். அவர் வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டு, கோடு போடாத வரியே இல்லாமல் செய்துவிட்டார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.

"பாப்பா, தக்காளியில சூலொட்டு முறை என்ன?"

"ஆப்ஷன் படிங்கப்பா."

"ஆப்ஷன் எதுக்கு? நேராச் சொல்லு."

"ஆப்ஷன் இல்லாம எப்படிப்பா சொல்றது?"

நான்கு விடைகளைப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவதாகத் தக்காளி நினைவுக்கு வரும். அப்பா அடுப்படிக்குப் போய் ஒரு தக்காளியைக் குறுக்கே வெட்டி, "பாரு, அச்சு மாதிரி நடுவுல, விதையெல்லாம் சுத்தி. எலுமிச்சையும் இதேதான்" என்று கொண்டுவந்து காட்டுவார். மகள் மரியாதைக்குப் பார்ப்பாள். ரசத்துக்கு வைத்திருந்த தக்காளி அது என்பதை அம்மா பிறகு சொல்வார்.

கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். தேங்காய் உடைபட்டதும் பக்கத்தில் நிற்பவரிடம், இளநீர் என்பது செல்லாகப் பிரியாத எண்டோஸ்பெர்ம், உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பு செல்லாகப் பிரிந்த எண்டோஸ்பெர்ம் என்பார். மாரியம்மன் திருவிழாவில் வேப்பிலை என்று நாம் கிள்ளுகிற ஒவ்வொன்றும் இலையே இல்லை, சிற்றிலை. முழுக் காம்பும் சேர்ந்ததுதான் ஒரே இலை என்று தீச்சட்டி எடுத்து வருகிறவருக்குப் பக்கத்திலேயே நடந்து விளக்கினார். தீச்சட்டிக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

நெகடிவ் மார்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சரியான விடைக்கு நாலு, தவறுக்கு மைனஸ் ஒன்று, விட்டுவிட்டால் பூஜ்யம். "தெரியலேன்னா விட்டுடு பாப்பா" என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி அது அவருடைய வாழ்க்கை நெறியாகவே ஆகிவிட்டது. "கேஸ் புக் பண்ணீங்களா?" என்று மனைவி கேட்டால் பதில் வராது. "எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் எழுதினீங்க?" அதற்கும் வராது. தப்பான பதில் சொல்லி ஒன்று இழப்பதைவிட மௌனமாக இருந்து பூஜ்யம் வாங்குவது மேல்.

ஆனால் அவர் உண்மையில் மலர்ந்தது மரபியலில்தான். ரத்த வகையில் தொடங்கியது. அவர் பி, மனைவி ஏ, மகள் ஓ. பதினேழு வருடமாக இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் புன்னட் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மனைவியை எழுப்பினார்.

"உன்கிட்ட ஒரு சின்ன ஐ ஒளிஞ்சிருந்திருக்கு. என்கிட்டயும் ஒண்ணு. அதான் பாப்பா ஓ."

"என்கிட்ட ஒண்ணும் ஒளிஞ்சிருக்கல. உங்ககிட்ட என்ன ஒளிஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துகொண்டார். சமாதானம் ஆவதற்குள் விடிந்துவிட்டது.

அடுத்து வம்சாவளிப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறைபாடு உள்ளவருக்கு உள்ளே கருப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. புத்தகத்தில் இரட்டைக் கோடு அபூர்வமாக, ஒரு செய்தியைப் போல வரும். நம்மவர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மாமனார் வீட்டு வம்சாவளியை வரைந்தபோது ஒற்றைக் கோடுதான் செய்தியாக இருந்தது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் என்று கோடு போட்டுப் போட்டு, ஓர் இடத்தில் ஒரே ஆள் இரண்டு தலைமுறையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டார். இந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் நம் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்காவது வந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றுவதுண்டு.

அந்தப் படத்தை வரையக் காரணம் மச்சான். மகளுடைய சடங்குக்குத் தாய்மாமன் சீராக "சிவப்புப் பட்டு" என்று சொல்லி அவர் கொண்டுவந்தது பச்சை. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே குடும்பம் இத்தனை காலம் நம்பிவந்தது. நம்மவர் அதை மறுபரிசீலனைக்கு எடுத்தார். நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் வருவது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். அப்பாவிடமிருந்து வருவது ஒய். ஆக மாமனாருக்கு இதில் பங்கே இல்லை. தீபாவளிக்கு மாமியார் வந்திருந்தபோது அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"அத்தை, மச்சானுக்கு நிறம் தெரியாததுக்கு நீங்கதான் காரணம். நீங்க கேரியர்."

"கேரியரா? உங்க கல்யாணத்துக்கு மறுநாள் அஞ்சு அடுக்கு கேரியர்ல சாப்பாடு தூக்கிட்டு வந்தேனே, அதுவா மாப்ளே?"

மகள் அன்றைக்குத்தான் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

மெண்டலைப் பற்றி நம்மவருக்குத் தெரிந்த அளவு சொந்தத் தாத்தாவைப் பற்றித் தெரியாது. 1822-ல் பிறந்தது, ப்ரூன் நகரத்து மடத்தில் துறவியாகச் சேர்ந்தது, 1856 முதல் 1863 வரை தோட்டத்தில் பட்டாணியைக் கலப்பு செய்தது, ஏழு பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது எல்லாம் மனப்பாடம். மெண்டல் ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-ல் ஒருமுறை, 1856-ல் மறுபடியும் தேறாமல் போனவர் என்பதை எங்கோ படித்த நாளில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாக் டெஸ்டில் மகளுக்கு 412 வந்த சாயங்காலம் அது.

"மெண்டலே ரெண்டு தடவை ஃபெயில் பாப்பா."

"அவர் சாமியாருப்பா. ரிப்பீட் பண்ணினா, கல்யாணம் எப்பன்னு அவரை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

இதற்கும் அவர் பூஜ்யம் வாங்கிக்கொண்டார். மெண்டலின் கட்டுரை 1866-ல் அச்சானது, அவர் 1884-ல் இறந்தார், உலகம் 1900-ல்தான் அதைக் கண்டெடுத்தது என்ற தகவலையும் அன்றைக்குச் சொல்லவில்லை.

கொள்கை என்று பார்த்தால் நீட் அப்பா நீட்டுக்கு எதிரானவர். டீக்கடையில் அதைக் காரசாரமாகப் பேசுவார். பேசியதில் பாதிக்கு மேல் நியாயமும் இருக்கும். பேசி முடித்து நேரே போய் டெஸ்ட் சீரிஸுக்கு இரண்டாம் தவணை கட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒழியும்வரை பிள்ளை எழுதித்தானே ஆக வேண்டும்?

அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இலையடுக்கம் படித்த நாளில், "கேலோட்ரோபிஸ், எதிரிலை அடுக்கம்" என்று மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். அது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "படத்துல இடது பக்கம் ரெண்டாவது" என்றாள். அப்பா தேடிப் பார்த்தார். எருக்கு. அவர்கள் வீட்டு முக்கிலேயே, ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில் நிற்கிறது. வீட்டுப் பெரியவரான ஆத்தா வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு அதில்தான் பூப் பறித்து மாலை கட்டுகிறார். ஆத்தாவுக்குச் செடி தெரியும், பாடம் தெரியாது. மகளுக்குப் பாடம் தெரியும், செடி தெரியாது. பிரம்மதண்டு, ஊமத்தை, ஏழிலைப்பாலை எல்லாமே அப்படித்தான். லத்தீன் பேரில் அவள் புத்தகத்துக்குள்ளும், தமிழ்ப் பேரில் ஆத்தாவின் கைவைத்தியத்துக்குள்ளும் தனித்தனியாக வாழ்கின்றன. இரண்டையும் சேர்த்துவைத்துக் கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிரே இருக்கிறதா என்று லுங்கியை மடித்துக்கொண்டு குனிந்து எண்ணியவர் இவர் ஒருவர்தான். அந்த வீட்டில் தாவரவியல் படித்தது யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். மகள் படித்தது பரீட்சை. அவள் மேல் தப்பில்லை. மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி என்றால் செடியைப் பார்க்க எங்கே நேரம்?

2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். நாடே மகிழ்ந்தது. நம்மவர் மட்டும் துக்கம் காத்தார். தாவரங்களில் கடத்தல் என்ற அத்தியாயம் போய்விட்டது. பம்பு செட்டு இல்லாமல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது, இலை வழியே நீராவி போகப் போக சைலத்துக்குள் நீர்த்தாரை அறுபடாமல் மேலே இழுபடுவது எப்படி என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புரிந்துகொண்டிருந்தார். "அது சிலபஸ்ல இல்லப்பா" என்றாள் மகள். மரம் இன்னும் ஏத்திக்கிட்டுத்தானே இருக்கு என்று முணுமுணுத்தார்.

தேர்வு பெரும்பாலும் மே மாதத்து முதல் ஞாயிறு. கத்திரி வெயில். இரண்டு மணித் தேர்வுக்கு ஒன்றரை மணிக்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதால் பதினோரு மணிக்கே அப்பாக்கள் கூடிவிடுவார்கள். முழுக்கை கூடாது, ஷூ கூடாது, நகை கூடாது. தோடு, செயின், வாட்ச், ஹேர் கிளிப் என்று எல்லாம் கழன்று அவர் சட்டைப் பைக்கு வந்து சேரும். கேட் சாத்தியதும் அத்தனை அப்பாக்களும் எதிரே இருக்கிற புங்கமரத்து நிழலில் ஒதுங்குவார்கள். யாரும் யாரையும் தெரியாது. சற்று நேரம் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருவர் ஒரு கொத்து இலையைப் பிடித்து இழுத்து, "கூட்டிலைதானே இது?" என்பார். அவ்வளவுதான். ஐந்து மணிவரை அங்கே நடக்கும் வகுப்புக்கு எந்த கோச்சிங் சென்டரும் கிட்டே வர முடியாது. பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் வட்டத்தைக் கருப்பாக்கிக்கொண்டிருப்பார்கள்.

வினாத்தாளை வெளியே கொண்டுவர அனுமதி உண்டு. அன்றைக்கு இரவே நம்மவர் தாவரவியல் கேள்விகளைப் போட்டுப் பார்த்தார். விடைக்குறிப்பு வந்ததும் திருத்தினார். மகளைவிட இரண்டு கேள்வி கூட. வெளியே சொல்லவில்லை. தாளை மடித்து எல்ஐசி பத்திரங்களோடு பீரோவில் வைத்துவிட்டார்.

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு தகவல். பொதுப் பிரிவுக்கு 25 என்று இருந்த உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. 17 வயது நிறைந்திருந்தால் போதும், மேலே எல்லை கிடையாது. ப்ளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள் உயிரியலைப் பின்னால் தனியாக எழுதித் தேறியிருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே ஃபர்ஸ்ட் குரூப் அப்பாக்கள் அடுத்த முறை தாராளமாக விண்ணப்பிக்கலாம். அரைக்கைச் சட்டை, செருப்பு. சுழல் இயக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.