நூறு வீத முடிவு

கேப் இயர் போன பிள்ளைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்துக்கு ஒரு முடிவு எடுக்கிறது. அதுவும் அரைகுறை முடிவு இல்லை, ‘ஹண்ட்ரட் பெர்சென்ட்’ முடிவு. லண்டனில் ஊர் அடங்கிய பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்து விழும். பின்னால் அலைச்சத்தமோ, மோட்டார் சைக்கிளோ, யாரோ ஒருவன் கிட்டார் பழகுவதோ கேட்கும். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு, “மாமா, நான் கண்டுபிடிச்சிட்டன். திஸ் டைம் ஹண்ட்ரட் பெர்சென்ட்.”

பொதுவாகத்தான் சொல்கிறேன். ஏ லெவல் முடிவு வந்த கையோடு, பல்கலைக்கழகம் போகமுன், முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும்தான். அக்காவின் மகனை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று யாராவது அவனிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்ற பயமும் எனக்கில்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

முதல் நூறு வீதம் தாய்லாந்தில் பிறந்தது. கோ தாவ் என்று ஒரு சின்னத் தீவு. மலிவாகக் கடலில் மூழ்கப் பழக்குகிறார்கள் என்பதற்காகவே உலகத்து இளசுகள் அங்கே போய்க் குவிகின்றன. இவனும் போனான். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு பொடியனாக இறங்கினவன், ஏறும்போது கடலுயிரியலாளனாக ஏறினான். பவளப்பாறை வெளிறுவதைப் பற்றி எனக்கு நீண்ட விளக்கம் வந்தது. இங்கிலாந்தில் இதைப் படிக்கச் சிறந்த இடம் பிளிமத்தாம். அங்கே கடலுயிரியல் ஆய்வுகூடம் 1888இலேயே திறந்துவிட்டார்களாம். நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்ததுபோல ஒரு குரல்.

“தம்பி, நீ ஏ லெவலுக்கு எடுத்தது கணக்கு, பொருளியல், வரலாறு. உயிரியல் இல்லாமல் எப்பிடி?”

“ஃபவுண்டேஷன் இயர் இருக்கு மாமா.”

எல்லாவற்றுக்கும் ஒரு ஃபவுண்டேஷன் இயர் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு ஜாயிண்ட் ஹானர்ஸ் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் ஸ்காட்லாந்து இருக்கிறது, அங்கே பட்டம் நாலு வருடம், பாதியில் பாடம் மாற்றலாம். சின்ன வயதில் சவுத்எண்ட் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் தண்ணீர் குளிர்கிறது என்று கால் நனைக்கமாட்டேன் என்று அழுதவன் இவன். பிளிமத் கடல் கோ தாவ் கடல் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் கம்போடியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கோர் வாட்டில் சூரியன் உதித்ததும் கடல் வற்றிவிட்டது. இப்போது தொல்லியல். ஹண்ட்ரட் பெர்சென்ட். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயிலின் முன்னால் நின்று எடுத்த படத்தில் கோயில் கொஞ்சமாகவும் இவன் நிறையவும் இருந்தான்.

அடுத்தது வியட்நாம். ஹோய் ஆன் நகரத்துத் தையற்காரர் ஒருவர் ஒரே நாளில் கோட் தைத்துக் கொடுத்ததால் ஒரு வாரம் ஃபேஷன் பிசினஸ். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் மூன்றுக்கும் விண்ணப்பம் முடியும் அக்டோபர் 15ஆம் திகதி அந்தக் கோட்டுக்குள்ளேயே கழிந்துபோனது. அக்கா அன்றைக்குக் கலண்டர் இருந்த சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

எதைப் படிப்பது என்பதாவது இப்படி இடத்துக்கிடம் மாறும். எங்கே படிப்பது என்பதை இந்தப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் முறையைக் கேட்டால் உங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. வீட்டில் இருந்த காலத்தில் ஓபன் டே என்று பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன. சனிக்கிழமை காலை எழும்ப ஏலாது என்று போகவில்லை. பிரிஸ்டலுக்குப் பாடிங்டனில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது. அந்தப் பிரிஸ்டலைப் பற்றி இப்போது ஆசியாவின் விடுதி விடுதியாக விசாரணை நடக்கிறது. மேல்கட்டிலில் படுத்தவன் பிரிஸ்டலில் படித்தவனாம், நல்ல பொடியனாம், ஆகவே பிரிஸ்டல் நல்ல யூனி. டர்ஹமில் படித்த ஒருத்தி இவனுடைய சார்ஜரைத் திருப்பித் தரவில்லை. டர்ஹம் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் பத்திரிகைகள் என்னென்னவோ அளவுகோல் வைத்திருக்கின்றன. சார்ஜர் எதிலும் இல்லை.

ஜெர்மனி ஒருமுறை வந்து போனது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லை என்று யாரோ சொன்னார்களாம். அது உண்மைதான். ஆனால் தங்கும் அனுமதிக்கு ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவேண்டும், பெரும்பாலும் முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டு, 11,904 யூரோ. அந்த யூரோவை யார் போடுவது என்று கேட்டேன். ஜெர்மனி அதோடு அமைதியாகிவிட்டது.

இவ்வளவு மாற்றம் வேண்டாமே என்று சொன்னால் கையில் தயாராக ஒரு துருப்புச் சீட்டு வைத்திருக்கிறான்: இளவரசர் வில்லியம். அவரும் கேப் இயர் எடுத்தவர், 2000இல் சிலிக்குப் போனவர், பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸில் கலை வரலாறு தொடங்கிப் புவியியலுக்கு மாறினவர். எல்லாம் சரி. ஆனால் அவருக்கு எந்தப் பாடம் படித்தாலும் உத்தியோகம் ஒன்றுதான், அது பிறக்கும்போதே உறுதியானது. உனக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லையே என்றேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான யூகாஸ் விண்ணப்பத்தைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காக: ஐந்து இடங்களைத் தெரிவு செய்யலாம். ஐந்துக்கும் போவது ஒரே பேர்சனல் ஸ்டேட்மென்ட்தான். ஆகவே ஒன்றில் கடலாமை, ஒன்றில் கம்போடியா, ஒன்றில் கோட் என்று கலந்து போட முடியாது. முன்பு அது நீட்டுக் கட்டுரையாக இருந்தது. 2026இல் சேருகிறவர்களிலிருந்து மூன்று கேள்வியாக மாற்றிவிட்டார்கள்: ஏன் இந்தப் பாடம், உன் படிப்பு அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியையும் எண்ணி 4,000 எழுத்து. ஒவ்வொன்றும் 350க்குக் குறையக்கூடாது.

மூன்றாவது கேள்விக்கு மருமகன் எழுதின பதில் என்னிடம் இருக்கிறது. அருமை. கடல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பஸ் தவறி நடந்த இரவு இருக்கிறது, பணிவு என்ற சொல் நாலு இடத்தில் இருக்கிறது. அது மட்டுமே 4,000 எழுத்தைத் தாண்டிவிட்டது. முதலாவது கேள்விக்குக் கீழே வெறும் வெள்ளை.

இப்போது ஆள் நிற்பது அவுஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, டலி. நாட்டிலேயே அதிக மழை கொட்டும் ஊர்களில் ஒன்று. 1950இல் பெய்த மழையின் அளவுக்கு, கிட்டத்தட்ட எட்டு மீட்டர் உயரத்தில், பொன்நிற ரப்பர் சப்பாத்து ஒன்றைச் சிலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் காலடியில் நின்று படம் அனுப்பியிருந்தான். வேலை வாழைத்தோட்டத்தில். ஒருவர் குலையை வெட்ட, மற்றவர் தோளில் ஏந்தி டிராக்டருக்குக் கொண்டுபோக வேண்டும். இவன் ஏந்துகிறவன். குலைக்குள் இருந்து தவளை பாயுமாம், சிலவேளை பாம்பும் வருமாம். வேலை விடுமுறை விசாவில் போகிற பிற நாட்டுப் பிள்ளைகள் பலர் இரண்டாம் வருட விசாவுக்காக 88 நாள் இப்படி வேலை செய்யத்தான் வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2024 ஜூலையிலிருந்து அந்தக் கட்டாயமே இல்லை. இவன் விரும்பிப் போய்ச் சுமக்கிறான்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சமையலறையில் நின்றாள். அகப்பையைக் கீழே வைத்தாள்.

“வாழையே? நீர்வேலியில இல்லாத வாழையே?”

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைக்குலை வெட்டித்தான் எங்களைப் படிக்கவைத்தார். கதலியும் இதரையும் சந்தைக்குப் போனால் எங்களுக்குக் கொப்பியும் புத்தகமும் வரும். பிள்ளைகள் வாழைப்பாத்திக்குள் இறங்கக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அவருடைய பேரன் விமானச் சீட்டும் விசாவும் எடுத்து, செலவுக்கு வழியுண்டு என்று காட்ட வங்கியில் தகப்பனிடம் 5,000 டொலர் போடுவித்து, அதே பாத்திக்குள் இறங்கியிருக்கிறான்.

கோயிலில் நிலைமை இன்னும் சிக்கல். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை யாராவது கேட்பார்கள், “மகன் எந்த யூனி?” அக்கா பொய் சொல்லமாட்டாள். “அவுஸ்திரேலியாவில நிக்கிறார்” என்பாள். கேட்டவர் கண் விரியும். “ஓ, சிட்னியோ மெல்பேணோ?” “இல்லை, கொஞ்சம் வடக்கால.” பிறகு அவசரமாக விபூதி எடுக்கப் போய்விடுவாள்.

போன கிழமை வந்த குரல்பதிவில் தகரக் கூரையில் மழை அடித்தது. பாதிச் சொல் கேட்கவில்லை. வேளாண்மை படிக்கப் போகிறானாம், ஷ்ரொப்ஷயரில் ஹார்ப்பர் ஆடம்ஸாம், ஹண்ட்ரட் பெர்சென்ட். அது பழகிப்போன பாட்டு. அதற்குப் பிறகு சொன்னதுதான் புதிது. “மாமா, அம்மப்பா குலையை எந்தத் தோளில வைச்சவர்? எனக்கு வலத்தோள் வீங்கிப்போச்சு.” வாழை நிலத்தில் தண்ணீர் எத்தனை நாள் நின்றால் வேர் அழுகும் என்றும் கேட்டான். பாடத்தைப் பற்றிப் பேசின இத்தனை பதிவில் அவன் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல்தடவை. மற்றதெல்லாம் அறிவிப்பு. நான் எழும்பியிருந்து, ஞாபகம் வந்ததையெல்லாம் விவரமாகப் பதில் அனுப்பினேன். இடத்தோள்.

அலைவதை நான் குறை சொல்லவில்லை. 2025-26 கல்வியாண்டில் பல்கலைக்கழகக் கட்டணம் 9,535 பவுண். கடனாக எடுத்தால், 25,000 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்தில் ஒன்பது வீதம் கழித்துக்கொண்டே இருப்பார்கள், நாற்பது வருடம் வரைக்கும். பதினெட்டு வயதில் அதில் கையெழுத்து வைக்கச் சொன்னால் நானும் கோ தாவ் வரை ஓடியிருப்பேன்.

என் குறை வேறு. ஒவ்வொரு குரல்பதிவும் ஒரே வசனத்தில்தான் முடிகிறது: “அம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்கோ.” கடலுயிரியலை நான் மறைத்தேன். தொல்லியலை மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அவன் உனக்கேதும் சொன்னவனே?” என்று கேட்பாள். அவளுக்கு அவன் அனுப்புவது சப்பாத்துச் சிலையும் ஒரு சிரித்த முகமும். எனக்கு இது பிடிக்கவில்லை. சிரிப்பாக எழுதத் தொடங்கினேன், இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் விடுதி விடுதியாகப் புத்தி கேட்கிற பிள்ளை, கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறவளிடம் மட்டும் ஒரு சொல் கேட்பதில்லை. கிளியரிங் இருக்கு மாமா, ஓகஸ்டிலயும் இடம் கிடைக்கும் என்கிறான். கிடைக்கும். தாய்க்கு முன்னால் இருந்து ஓகஸ்ட் வரைக்கும் யார் தேத்தண்ணி குடிப்பது?

யூகாஸ் கடைசி நேரம் 2026 ஜனவரி 14, லண்டன் நேரம் மாலை ஆறு மணி. டலியில் அப்போது 15ஆம் திகதி அதிகாலை நாலு. தம்பி, முதலாம் கேள்விக்கு 350 எழுத்து போதும், நீர்வேலியைப் பற்றி எழுதினாலே நிறைந்துவிடும். ஆனால் அதற்கு முதல் அம்மாவுக்கு எடு. எந்தப் பாடம் என்று அவளுக்கு நீயே சொல்லு. நான் இனிச் சொல்லவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்.