ஷிப்டு முடிந்ததும் வேதபாடம்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் வேலை பார்ப்பவர் ஞாயிறு பள்ளி நடத்தலாமா? இறையியல் பட்டம் வேண்டாமா?

பதில்: பேதுரு மீன் பிடித்தவர். பவுல் வேத அறிஞர் கமாலியேலிடம் படித்தவர்தான். ஆனாலும் கூடாரத் தொழிலை விடவில்லை. தமிழகத்தில் பாதிரியார் எட்டிப் பார்க்க முடியாத ஊர்ச் சபைகளைத் தாங்கியவர்கள் குருப்பட்டம் பெறாத உபதேசியார்கள். கடலூர்க்காரரான ஆரோன் 1718-இல் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றார். பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராய்ப் போதித்தே தேறினார். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் புராட்டஸ்டன்ட் போதகரானார். துணிச்சல் பாடம் நடத்த நடத்தத்தான் வரும். முதல் வாரம் உளறுவது சகஜம்; சில போதகர்களுக்கு அது பணி ஓய்வு வரை நீடிப்பதும் உண்டு. நைட் ஷிப்டு முடித்த கையோடு மட்டும் வகுப்புக்குப் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார் தூங்கிவிடுவார்.