சித்திரை வீதி நக்கீரர்

சினிமாவில் தப்பு கண்டுபிடிக்கிறவர் எந்த ஊரில் இல்லை? ஆனால் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே விளைகிற ரகம் தனி. மற்ற ஊர்க்காரர் படம் முடிந்ததும் 'மொக்கை' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போய்விடுவார். நம்மவர் டைட்டில் ஓடும்போதே ஆரம்பிப்பார். பரம்பரைப் பாத்தியதை என்றும் சொல்லலாம். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சி ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கிக் காட்ட ஆரம்பித்தார். அன்று முதல் காட்சி நடந்திருந்தால், இரண்டாவது காட்சிக்குள் யாராவது ஒருவர் அவரைத் தனியே அழைத்து, "ஒரு சின்ன விஷயம்..." என்று தொடங்கியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

எங்கள் சித்திரை வீதிக்கு வாய்த்த மாமா பெல் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். பாய்லர் குழாயில் வெல்டிங் போட்ட இடத்தை எக்ஸ்ரே எடுத்து மயிரிழை விரிசல் தேடுவதுதான் சர்வீஸ் முழுக்க வேலை. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் கண் இருந்தது, வெல்டிங் இல்லை. டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அவரோடு உட்கார்ந்து படம் பார்ப்பது எளிதல்ல. ரிமோட் அவர் கையில். கதாநாயகி விம்மி விம்மி அழுவாள். நமக்குத் தொண்டை அடைக்கும். மாமா பொத்தானை அமுக்குவார். "மல்லிப்பூ பாரும் ஓய். அம்மா படத்தைப் பார்த்து அழறச்சே வலப்பக்கம் தொங்கறது. திரும்பினா இடப்பக்கம். நடுவுல யார் எடுத்து வெச்சா? செத்துப்போன அம்மாவா?"

காரணம் தெரியாமல் பேசுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே காட்சியைத் தூரத்திலிருந்து ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை, எதிராளி முகத்துக்கு ஒரு தடவை என்று பிய்த்துப் பிய்த்து எடுப்பார்கள். இடையில் லைட்டை மாற்றுவார்கள், சாப்பாட்டு மணி அடிக்கும், கதாநாயகன் வேறு கம்பெனி கால்ஷீட்டுக்கு ஓடிப்போய்ப் பத்து நாள் கழித்து அதே வசனத்தின் மறுபாதிக்கு வருவார். துண்டு எந்தத் தோளில் கிடந்தது, டபராவில் காபி எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் கன்டினியூட்டி எழுதிவைக்க ஓர் உதவி இயக்குநர் உண்டு. மாமாவுக்கு இது அத்தனையும் அத்துப்படி. ஆனாலும் மன்னிப்பு கிடையாது. "எழுதற பையன் அன்னிக்கு லீவு போட்டிருப்பான். ஃபேக்டரியில ஒருத்தன் லீவு போட்டான்னு பாய்லரை வெடிக்க விடுவோமா?"

பழைய புராணப் படங்கள்தான் அவருக்குப் பெரிய விருந்து. தேவலோகத்தில் கை தூக்கி ஆசீர்வதிக்கிற கடவுள் எல்லாருக்கும் மேற்கையில் வட்டமாக அம்மை குத்தின தழும்பு. ஜென்னர் ஊசியைக் கண்டுபிடித்தது 1796இல். அப்படியென்றால் இந்திரன் சபைக்கு வந்து குத்தியது எந்த முனிசிபாலிட்டி என்று கேட்பார். ராஜா ராணிப் படத்தில் போர்க்களத்தைக் காட்டினால் இரண்டு சேனையையும் விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிற மரத்தைப் பார்ப்பார். சீமைக் கருவேலம்! அமெரிக்கக் கண்டத்து மரம்; நம் நாட்டுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். சோழனும் சேரனும் அதன் நிழலில் நின்று சவால் விட்டுக்கொள்வதை அவரால் தாங்க முடியாது. அரண்மனைச் சமையற்கட்டில் மிளகாய் தெரிந்தாலோ கேட்கவே வேண்டாம். போர்ச்சுகீசியர் கப்பல் வரும்வரை மிளகுதான் காரம் என்று அரை மணி போகும்.

வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) வந்தால் வீடே ஓடி ஒளியும். 1798இல் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைப் பார்க்கப் போன நிஜக் கட்டபொம்மனுக்குத் தாய்மொழி தெலுங்கு, துரைக்கு இங்கிலீஷ், நடுவில் துபாஷி நின்றிருக்க வேண்டும். படத்திலோ இருவரும் அடுக்குமொழித் தமிழில் பிளந்து கட்டுகிறார்கள். "வாஸ்தவம் மாமா, துபாஷியை வெச்சு எடுத்திருந்தா அந்தக் காட்சியை யார் பார்ப்பா?" என்று கேட்டால், "அது டைரக்டரோட கஷ்டம்" என்பார். சிவாஜியைக் கண்டிப்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. சின்ன வயதில் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பிள்ளை. நம்ம ஊர்ப் பையனை நாம் சொல்லாமல் யார் சொல்வது?

ஸ்ரீரங்கத்துக்காரருக்குக் கூடுதலாக ஓர் ஆயுதம் இருக்கிறது. ராஜகோபுரம். சில நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது, 13 நிலையாக 236 அடிக்கு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1987இல்தான். அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் அதை முடித்தபோது மாமா தெருவில் நின்று பார்த்தவர். ஆகவே ராமானுஜர் காலம், நாயக்கர் காலம் என்று போர்டு போட்டுவிட்டு எவராவது இந்தக் கோபுரத்தைக் காட்டித் தொலைத்தால் அன்றைக்கு நமக்குத் தூக்கம் கிடையாது. இதற்கென்றே சீரியல்களைக் காத்திருந்து பார்ப்பார். வெள்ளைக்காரனையும் விடுவதில்லை. கிளாடியேட்டரில் (2000) கவிழ்கிற ரோமானிய ரதத்தின் பின்னால் காஸ் சிலிண்டர் தெரிகிறது என்று பேரன் காட்டிக் கொடுத்த அன்று, பையனுக்கு நூறு ரூபாய் கிடைத்தது. "ஆஸ்கார் வாங்கின படம் ஓய்! ஆஸ்கார்!"

குறைகளை எழுத நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஃபேக்டரி ரெஜிஸ்டர் மாதிரி கட்டம் போட்டது. கடைசிக் கட்டம் தீர்ப்பு. அதில் மூன்றே வகை: ஏற்பு, தள்ளுபடி, டீவியேஷன். வரைபடத்துக்கு மாறாக இருந்தாலும் டிசைன் டிபார்ட்மென்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் சரக்கை அனுப்பலாம், அதுதான் டீவியேஷன். அந்த நோட்டில் எந்தப் படத்துக்கும் அந்தச் சலுகை கிடைத்ததில்லை.

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது திருவிளையாடல் (1965). வைஷ்ணவர் சைவப் படத்தை இப்படிக் குடைகிறாரே என்று திருவானைக்காவல் சிநேகிதர்களுக்கு ஒரு சம்சயம் உண்டு. நடுநிலையைக் காட்ட, அதே ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த திருமால் பெருமைக்கும் சில பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கையெழுத்தில் அவ்வளவு உற்சாகம் இல்லை.

திருவிளையாடலில் அவருக்கு முதல் சிக்கல் கதை சொல்கிற வரிசை. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை முருகனுக்குப் பார்வதி கதை சொல்லிச் சமாதானம் செய்கிறாள். சொல்கிற கதையில் சங்கப்புலவர் நக்கீரர் வருகிறார், சரி. வரகுண பாண்டியன் எப்படி வருவான்? அவன் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் இருந்தவன்! பண் பாடிய காலத்தில் அவன் சபைக்கு வந்த ஹேமநாத பாகவதர் தோடி, தர்பார், மோகனம் என்று ராகம் ராகமாக அடுக்குகிறார். உச்சக் குற்றம் இனிமேல்தான். விறகுவெட்டியாக வந்த சிவன் பல உருவெடுத்து, ஒருவராய்ப் பாட, ஒருவராய் மிருதங்கம் தட்ட, ஒருவராய் வீணை வாசிக்க, கடலலை உட்பட உலகமே ஸ்தம்பிக்கிறது. உலகம் ஸ்தம்பிப்பதில் மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கேயாவது ஒரு மூலையில் துணி ஆடுகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார், அது வேறு. அவர் பிடித்துக்கொண்டது வீணையை.

போன சிவராத்திரிக்கு டிவியில் போட்டார்கள். படத்தை நிறுத்தி, எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்து வந்து, திரையிலேயே விரல் வைத்துக் காட்டினார். "மெழுகுல பதிச்ச மெட்டு பார்த்தீரா? இருபத்துநாலு. இந்த அமைப்பு தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல வந்தது. 17ஆம் நூற்றாண்டு. வரகுணனுக்கும் அவருக்கும் எட்டு நூறு வருஷம் இடைவெளி. யாழ்னா கொடுத்திருக்கணும்? தள்ளுபடி!"

மாமி பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஏன்னா, வாசிக்கறது யாரு?"

"சிவாஜி."

"கதையில."

"பரமசிவன்."

"அவருக்கு முக்காலமும் தெரியுமோன்னோ? எட்டு நூறு வருஷம் கழிச்சு வரப்போற வீணை அவருக்குத் தெரியாதா? நன்னா இருக்கேன்னு முன்கூட்டியே எடுத்துண்டு வந்திருப்பார்."

மாமா வாயைத் திறந்தார், மூடினார். சர்வீஸில் எந்த கான்ட்ராக்டரும் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, "அப்போ வரகுணன் கதையை முருகனுக்கு முன்னாடியே சொன்னது?" என்றார்.

"நடக்கப்போறதைச் சொன்னா. சொன்னது அவர் ஆத்துக்காரிதானே."

"அம்மைத் தழும்பு?"

"ஊர்ல அம்மை வரப்போறதுன்னு தெரிஞ்சுண்டு சும்மா இருப்பாளா? எல்லாருமா சேர்ந்து முதல்லயே குத்திண்டிருப்பா. நீங்கதான் கொரோனா ஊசிக்குக் கடைசி ஆளாப் போனேள்."

மாமா நோட்டைப் பிரித்து வீணைக்கு எதிரே இருந்த 'தள்ளுபடி'யை ஸ்கேல் வைத்து அடித்தார். மேலே 'டீவியேஷன்' என்று எழுதினார். ஒப்புதல் அளித்தவர் என்கிற இடத்தில் 'பரமசிவன், டிசைன் டிபார்ட்மென்ட்' என்று போட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு நோட்டை மாமியிடம் நீட்டினார்.