வீட்ல யாரும் இல்லையாமே?

மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்ற செய்தி ஆபீஸில் மூன்று பேருக்குத் தெரிந்தால், மூன்று விதமாக விசாரிப்பார்கள். முதலாமவர், "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்பார். இரண்டாமவர் கண்ணைச் சிமிட்டி, "சாயங்காலம் ஃப்ரீயா?" என்பார். மூன்றாமவர் மேஜை அருகே வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாரும் இல்லையாமே?" என்பார். திருடன் கேட்க வேண்டிய கேள்வி. நாம் தலையாட்டி முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவ் எட்டிப் பார்க்கும்.

பேய்ப்பட சிபாரிசுக்காரர் என்ற இந்த ஜாதி எல்லா ஆபீஸிலும் உண்டு. எல்லாத் தெருவிலும் உண்டு. பார்த்தால் தெரியாது. எங்கள் ஆபீஸில் இருப்பவர் நெற்றி நிறைய விபூதி, சர்க்கரை போடாத டீ, மகளின் ஸ்கூல் ஃபீஸ் கவலை என்று மிகச் சாதாரணமான மனிதர். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் கோடரி, ரம்பம், தலைமுடி, கிணறு இவை வருகிற படம் எந்த நாட்டில் வந்தாலும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுவார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பேய் சார்'. அவருக்கும் தெரியும். பெருமைதான்.

"சார், நல்லதா ஒரு பேய்ப்படம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் உடனே பெயர் வராது. நாடி பிடிக்காமல் சித்த வைத்தியர் சூரணம் கொடுப்பாரா? முதலில் விசாரணை நடக்கும். சொந்த வீடா, வாடகையா? எத்தனையாவது மாடி? பாத்ரூம் வீட்டுக்குள்ளேயா, பின்கட்டிலா? படுக்கை அறையில் நிலைக்கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? கட்டிலுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கிகூட இவ்வளவு கேட்காது.

அப்புறம்தான் மருந்து. அதுவும் ஆளுக்கு ஏற்றபடி. குழாயில் தண்ணீர் சொட்டுவதைச் சரி பண்ணாமல் வைத்திருப்பவருக்கு 'ஈரம்'. 2009இல் அறிவழகன் எடுத்த படம். பேய் தண்ணீராகவே வரும். சொட்டுகிற குழாய் இருந்தால் மருந்து சீக்கிரம் பிடிக்கும் என்பது கணக்கு. சீரியல் பார்த்தே பொழுதைக் கழிக்கும் குடும்பத்துக்கு, அதே வருஷம் வந்த 'யாவரும் நலம்'. அதில் மாதவன் வீட்டு டிவியில் ஓடுகிற சீரியலில் வருவதெல்லாம் அவர் வீட்டிலேயே நடக்க ஆரம்பிக்கும். பார்த்த பிறகு அந்த வீட்டில் இரண்டு நாளாவது ரிமோட்டுக்குச் சண்டை இருக்காது. ராத்திரியில் சாப்பாடு வரவழைக்கும் பேச்சிலர்களுக்கு 'பீட்சா'. கழுத்து வலி என்று மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்த எங்கள் அக்கவுன்டன்டுக்கு 'ஷட்டர்' என்ற தாய்லாந்துப் படத்தை எழுதிக் கொடுத்தார். கழுத்து வலிக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் இங்கே சொன்னால் கதை போய்விடும். அக்கவுன்டன்ட் மறுநாளும் லீவு.

மருந்தைவிடப் பத்தியம் கடுமை. ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் ஆரம்பிக்கக் கூடாது. விளக்கு ஆகாது. ஹெட்போன் கட்டாயம். மிக்சர், முறுக்கு கூடவே கூடாது. கடிக்கிற சத்தத்தில் கதவு கிறீச்சிடுவது கேட்காமல் போய்விடும். தமிழ் டப்பிங் தொடவே கூடாது. ஐந்நூறு வருஷத்துச் சாத்தான் மெட்ராஸ் பாஷையில் மிரட்டினால் யாருக்குப் பயம் வரும் என்று கேட்பார். நியாயம்தான். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு குழந்தை தூங்கினால்கூட மருந்து பாதி முறிந்துவிடுமாம்.

"கதையை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க" என்பார். சொல்லிவிட்டு நாலு அடி நடப்பார். திரும்பி வருவார். "அந்த வேலைக்காரியை மட்டும் கொஞ்சம் கவனிங்க." இன்னும் நாலு அடி. மறுபடி வருவார். "கவனிச்சேன்னு கடைசியில சொல்லக் கூடாது, முதல்லயே கவனிக்கணும்." அவர் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலைக்காரி செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது நமக்குத் தெரிந்துவிடும்.

இவரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "பேய்ப்படம்னா எனக்கு அரண்மனை ரொம்பப் பிடிக்கும் சார்." கர்நாடகக் கச்சேரி ரசிகரிடம் போய், தனி ஆவர்த்தனத்தில் கேன்டீன் காபி பிரமாதம் என்று சொன்னதுபோல முகம் போய்விடும். 2014, 2015 வருஷங்களைத் தமிழ்ப் பேய்களின் பொற்காலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'யாமிருக்க பயமே' வந்தது, 'அரண்மனை' வந்தது, 'டார்லிங்' வந்தது. அவர் கணக்கில் அது இருண்ட காலம். "பேயைக் கூட்டிவந்து காமெடியன் கன்னத்துல அறைய வெச்சுட்டாங்க சார். அதுக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்று பேய் சார்பாக நியாயம் கேட்பார். மிஷ்கினின் 'பிசாசு'வும் அதே 2014தான். அதைச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார், ஆனாலும், "அது அழ வைக்கிற பேய். நம்ம டிபார்ட்மென்ட் இல்லை" என்பார். 'சந்திரமுகி' என்று ஆரம்பித்தால் கை உயர்த்தித் தடுப்பார். "அதுல பேய் எங்கே சார் இருக்கு? பாம்பு இருக்கு, டாக்டர் இருக்காரு." யோசித்துப் பார்த்தால் இதற்கும் பதில் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று கேட்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை 'எக்ஸார்சிஸ்ட்' போட்டுக் காட்டியிருக்கிறார். 1973இல் வந்த படம். அமெரிக்காவில் பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்பதெல்லாம் பழைய கதை. அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்தாராம். பட்டாணி ஒன்றுகூடச் சிந்தவில்லையாம். முடிந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம ஊர்னா வேப்பிலை அடிச்சு அஞ்சு நிமிஷத்துல எறக்கியிருப்பாங்க. ரெண்டு மணி நேரம் இழுத்திருக்கான்."

மாமியார் இன்னும் ஒரு படி மேலே. அவர் விட்டலாச்சார்யா படங்களின் காலத்து ஆள். "அந்தக் காலத்துப் படத்துல பேய் அடுப்புக்குள்ள காலை விட்டு எரிச்சு, அதுல சோறு பொங்கிச்சு மாப்ளே. வேலை செஞ்ச பேய். நீங்க காட்டுற பேயெல்லாம் என்ன, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டுச் சும்மா மூலையில நிக்குது." ஜப்பான் பேய்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

வீட்டில் விலை போகாத சரக்கைத்தான் அவர் வெளியே கொண்டுவருகிறார். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் 'தும்பாட்' படத்தைப் பற்றிப் பேசுவார். துக்க வீட்டையும் விடுவதில்லை. போன வருஷம் ஒரு நண்பரின் பெரியப்பா தவறிவிட்டார். ராத்திரிக் கண்விழிப்புக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஐஸ் பெட்டி 'உம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி இருக்கும். தூக்கம் கலைய ஏதாவது பேசுங்களேன் என்று யாரோ தெரியாமல் சொல்லிவிட்டார். நம் ஆள் தொண்டையைச் செருமினார். 'ஜூ-ஆன்' படத்தில் பேய் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்புமே, 'க்ர்ர்ர்' என்று, அதை அந்தப் படத்தின் டைரக்டர் தகாஷி ஷிமிசுவே கொடுத்தார் என்று சொன்னார். சொன்னதோடு விட்டாரா? செய்தும் காட்டினார். எங்களோடு இருந்த வயதான உறவினர் ஒருவர் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை வெளியே வரவில்லை.

இந்தத் தயாரிப்பு ரகசியங்களில்தான் அவர் நோயின் மூலம் இருக்கிறது என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. மனிதருக்கு எல்லாம் தெரியும். 'சைக்கோ'வில் குளியலறைத் தரையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? 'ஹாலோவீன்' கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளை பூசியது. 'ரிங்கு'வில் சடாகோ என்ற பேய் அப்படி வெட்டி வெட்டி நடந்து வருகிறாளே, அந்த நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்துப் படத்தைத் திருப்பி ஓட்டினார்கள். 'எக்ஸார்சிஸ்ட்'டில் பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வருவதற்காகப் படுக்கையறை செட்டையே குளிர்சாதனப் பெட்டி மாதிரி உறைய வைத்தார்கள். "பேய்ப்படத்துல ஆவி வரணுமே சார், ஏசி போட்டு வரவழைச்சுட்டாங்க" என்று சிரிப்பார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஓட்டலில் சாப்பாடு இறங்குமா? அவருக்குப் பயம் இறங்குவதில்லை.

என் முறை வந்தது போன மே மாதம். மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போன மறுநாளே, "வீட்ல யாரும் இல்லையாமே?" நாடி பார்த்தார். வாடகை வீடு, அம்மா பிள்ளை பாசம், தூக்கம் குறைவு என்று குறித்துக்கொண்டு 'பூதகாலம்' கொடுத்தார். ராகுல் சதாசிவன் எடுத்த மலையாளப் படம், 2022. பாட்டி இறந்துபோன வாடகை வீட்டில் ஒரு அம்மாவும் மகனும். ரேவதியும் ஷேன் நிகமும். நெடுநேரம் பேய் என்று ஒன்றும் கண்ணில் படாது. கதவு இருக்கும், இருட்டு இருக்கும், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பாமல் இருப்பார்கள். பத்தியம் எதையும் மீறாமல் உட்கார்ந்தேன். கடைசிப் பகுதியில், அந்த வீட்டுக்குள் அவர்கள் இருவரும் நடக்க, நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்ட நேரம் பார்த்து என் போன் அடித்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்றார் பேய் சார். மணி பன்னிரண்டரை. பதினொன்றுக்கு ஆரம்பித்தால் எத்தனை மணிக்கு எந்த இடம் வரும் என்று கணக்குப் போட்டு விழித்திருந்திருக்கிறார். என்னால் பேச முடியவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் குழந்தையின் அழுகையைக் கேட்டமாதிரி ஒரு குரல்: "நல்லா இருந்துச்சா சார்?"

அவருக்கு வேண்டியது படத்தைப் பற்றிய நம் அபிப்பிராயம் இல்லை. நம் பயம்தான். எந்த இடத்தில் விளக்கைப் போட்டோம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு சாமி படத்தைப் பார்த்தோம், பாத்ரூமுக்குப் போகும்போது பாடினோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். பல் போனவர் பேரன் முறுக்கு கடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லையா, அப்படி. இதைக் கேலியாகத்தான் எழுத ஆரம்பித்தேன். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

மறுநாள் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தோம். இருநூறு படத்துக்கு மேல். ஜப்பான், கொரியா, தாய்லாந்து என்று நாடுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைப் பார்த்துப் பயந்தவர்களின் பெயர் முதலெழுத்துகள். கடைசியில் ஒன்று மட்டும் தனியாக, எழுத்து எதுவும் இல்லாமல் கிடந்தது: '13ஆம் நம்பர் வீடு'. 1990இல் பேபி இயக்கிய தமிழ்ப் படம்.

ஒன்பது வயதில் பார்த்ததாம். பொங்கலுக்குத் தெருவில் காசு வசூலித்து, டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம். இது இரண்டாவது. பாதியில் எழுந்து ஓடி, வீட்டுக்கு எந்த வழியாக வந்தார் என்பதே நினைவில்லையாம். ஒரு வாரம் அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறார். "அந்த மாதிரி அப்புறம் வரவே இல்லை சார். அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

"அப்ப இதை மறுபடி பார்க்க வேண்டியதுதானே?"

"பார்த்துப் பயம் வரலைன்னா?"

"சரி, நான் எடுத்துட்டுப் போய்ப் பார்க்கட்டுமா?" என்று மௌஸைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

"வேணாம் சார். நீங்க சிரிச்சுட்டீங்கன்னா?"

உங்களுக்குத் தெரிந்த பேய் சாரிடம் நீங்களும் தாராளமாகப் பட்டியல் கேட்கலாம். ரசனைக்காரர்; அவர் சொன்ன படம் சோடை போகாது. வீட்டில் எல்லாரும் எந்தத் தேதிக்கு ஊருக்குப் போகிறார்கள் என்பதை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள். அப்படியே போட்டுவிட்டாலும், பன்னிரண்டரை மணிக்குப் போனை அணைத்து வையுங்கள்.